கொஞ்சம் இருக்கு, கொஞ்சம்தான் இருக்கு

ஆங்கிலத்தில் 'ஃபியூ' என்று ஒன்று, 'எ ஃபியூ' என்று ஒன்று. அதே மாதிரி 'லிட்டில்' ஒன்று, 'எ லிட்டில்' ஒன்று. நம்மில் படித்தவர்கள் பலரும் இந்த ஜோடிகளை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாகத் தாராளமாக எழுதுகிறோம். முன்னால் நிற்கிற ஓரெழுத்து 'எ' இருந்தால் என்ன, போனால் என்ன என்ற எண்ணம்.

கரையான்சாவடியில் எனக்குத் தெரிந்தவர் குடியிருக்கும் அடுக்குமாடியில், லிஃப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். 'ஃபியூ ரெசிடென்ட்ஸ் ஹேவ் நாட் பெய்ட் மெயின்டனன்ஸ்.' எழுதியவர் சொல்ல வந்தது, "சிலர் இன்னும் பணம் கட்டவில்லை, கட்டுங்கள் ஐயா" என்கிற கண்டிப்பு. எழுதி ஒட்டியிருப்பதோ, "கட்டாதவர்கள் என்று பார்த்தால் அதிகம் பேர் இல்லை" என்கிற பாராட்டுப் பத்திரம். பாக்கி வைத்திருந்தவர்கள் அதைப் படித்து நிம்மதியாக மாடி ஏறியிருப்பார்கள்.

இதெல்லாம் ஒரு விஷயமா சார், வேலை இல்லையா என்று கேட்பீர்கள். பென்ஷன்காரனுக்கு வேலை இல்லைதான். ஆனால் இது விஷயம் என்பதே என் கட்சி.

முதலில் வித்தியாசம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஐம்பது நாற்காலி போட்டுவிட்டுக் காத்திருந்தவர் 'ஃபியூ' வந்தார்கள் என்பார். இந்த மழையில் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்திருந்தவர் 'எ ஃபியூ' வந்தார்கள் என்பார். தலை எண்ணினால் இரண்டும் ஐந்துதான். முதலாமவர் காலி நாற்காலிகளைப் பார்க்கிறார், இரண்டாமவர் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறார். எண்ண முடியாத பொருளாக இருந்தால் அங்கே 'லிட்டில்', 'எ லிட்டில்' வரும். 'லிட்டில் வாட்டர்' என்றால் தண்ணீர் போதாது. 'எ லிட்டில் வாட்டர்' என்றால் ஏதோ ஒரு செம்பு தேறும்.

ரென் அண்ட் மார்ட்டின் படித்த தலைமுறை நம்முடையது. அதில் இது தெளிவாக இருக்கும். ஒன்று இல்லை என்ற பக்கம் சாய்வது, இன்னொன்று உண்டு என்ற பக்கம் சாய்வது என்று இரண்டு இரண்டு வாக்கியம் கொடுத்திருப்பார்கள். படித்தோம், பரீட்சையில் கோடிட்ட இடத்தை நிரப்பினோம், அதோடு அது போயிற்று. விதி தெரிந்தவர்கள்கூடக் கையில் பேனா எடுத்தால் 'எ'யை விட்டுவிடுகிறார்கள். அது ஏன் என்பதுதான் எனக்குப் பல வருஷமாக இருந்த கேள்வி.

அதற்கு முன் என் சர்வீஸில் நடந்த ஒன்று. மத்திய அரசு அலுவலகம், 1980களின் நடுப்பகுதி. தணிக்கைக் கட்சி வந்து பத்து நாள் உட்கார்ந்து எல்லாக் கட்டையும் பிரித்துப் பார்த்துவிட்டுப் போனது. இரண்டு மாதம் கழித்து ரிப்போர்ட் வந்தது. அதில் ஒரு பாரா: 'ஃபியூ வவுச்சர்ஸ் வேர் நாட் ப்ரொட்யூஸ்ட் டு ஆடிட்.' சில வவுச்சர்கள் எங்களுக்குக் காட்டப்படவில்லை என்பது அவர்கள் நினைத்தது.

எங்கள் சூப்பரின்டென்டென்ட் ஆங்கில இலக்கியம் படித்தவர், குறும்புக்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே படித்தார், சிரித்தார். பதில் டிக்டேட் செய்தார். "காட்டப்படாத வவுச்சர்கள் மிகச் சொற்பம் என்று தணிக்கையே ஒப்புக்கொண்டிருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆகவே இந்தப் பாராவைக் கைவிடலாம்." டைப் அடித்துக் கையெழுத்தாகிப் போய்விட்டது. செக்ஷனில் எல்லோரும் சிரித்தோம், நல்ல பதில் என்றோம்.

அந்தப் பக்கம் அதை யாரும் ரசிக்கவில்லை. அவர்களுக்கு அந்த வாக்கியத்தில் என்ன கோளாறு என்பதே புரியவில்லை. நாங்கள் திமிராகப் பதில் எழுதியதாக எடுத்துக்கொண்டார்கள். கடிதம் மேலே போனது, கீழே வந்தது, விளக்கம் கேட்டார்கள், கொடுத்தோம், மறுபடி கேட்டார்கள். நடுவில், அந்த வவுச்சர்களுக்குப் பொறுப்பாக இருந்த காஷியர் ஓய்வு பெற்றார். பாரா முடியவில்லை என்று அவருடைய கிராஜுவிட்டியில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தார்கள். பெண் கல்யாணத்துக்கு அதைத்தான் நம்பியிருந்தார் மனுஷன். கடைசியில் அந்த வவுச்சர்கள் வேறு மாதக் கட்டோடு சேர்த்துத் தைக்கப்பட்டு, பீரோவின் மேல்தட்டில் இருந்தன. எடுத்துக் காட்டினோம், பாரா முடிந்தது, பணமும் வந்தது. கல்யாணம் அதற்கு முன்பே கடன் வாங்கி முடிந்திருந்தது.

ஓரெழுத்து அங்கே இருந்திருந்தால் சூப்பரின்டென்டென்டுக்கு அந்தக் குறும்புக்கு இடமே இருந்திருக்காது. "எந்தெந்த வவுச்சர், பட்டியல் அனுப்புங்கள்" என்று ஒழுங்காக ஒரு கடிதம் போயிருக்கும்.

எனக்கு இந்த விஷயத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் பாண்டிச்சேரிக்காரன், பள்ளிப்படிப்பு பிரெஞ்சு வழி. 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. ஆனால் பிரெஞ்சு மொழி உடனே மூட்டை கட்டிக்கொண்டு போய்விடவில்லை. மக்கள் பிரதிநிதிகள் வேறு மாதிரி முடிவு செய்யும்வரை பிரெஞ்சே அரசு மொழியாக இருக்கும் என்று 1956ஆம் வருஷத்து ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. ஆகவே எங்கள் காலத்துப் பிள்ளைகள் கணக்கும் பூகோளமும் பிரெஞ்சில் படித்தோம், வீட்டுக்கு வந்து தமிழில் சண்டை போட்டோம். ஆங்கிலம் மூன்றாவதாக, தாமதமாக வந்து சேர்ந்தது.

பிரெஞ்சிலும் இதே ஜோடி உண்டு. 'பெ' என்றால் கொஞ்சம்தான். 'அன் பெ' என்றால் கொஞ்சம் உண்டு. (தமிழில் 'பெ' என்று எழுதுகிறேனே தவிர, அதை உதட்டைக் குவித்துக்கொண்டு சொல்ல வேண்டும்.) எங்கள் முசியே இதை இலக்கணமாகச் சொல்லித் தரவில்லை. புதிதாகச் சேர்ந்த பையனை எழுப்பி, பிரெஞ்சு பேசுவாயா என்று கேட்பார். "அன் பெ" என்றால் உட்காரலாம். வெறும் "பெ" என்றால், "அப்படியானால் இங்கே எதற்கு வந்தாய்?" என்பார். வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பிலேயே பாடம் முடிந்துவிடும். எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த சொல்தா தாத்தாக்கள்கூட இதில் பிசக மாட்டார்கள். உடம்பு எப்படி என்றால் "அன் பெ மியே" என்பார்கள். கொஞ்சம் தேவலை என்று பொருள்.

இந்த 'பெ'யும் ஆங்கில 'ஃபியூ'வும் ஒரே பாட்டியின் பேத்திகள் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. லத்தீனில் 'பவ்குஸ்' என்றால் சொற்பம். அது தேய்ந்து பிரெஞ்சில் 'பெ' ஆயிற்று. லத்தீனில் 'ப' வருகிற பல இடங்களில் ஆங்கிலத்தில் 'ஃப' வரும். அங்கே 'பாத்தர்', இங்கே 'ஃபாதர்'. அங்கே 'பிஸ்கிஸ்', இங்கே 'ஃபிஷ்'. அந்த வரிசையில் இதுவும் ஒன்று. ஏழை என்பதற்கான 'புவர்', பிரெஞ்சின் 'போவ்ர்' இரண்டும் இதே குடும்பம்தான். கொஞ்சம்தான் இருக்கிறவன் ஏழை; பொருத்தமான சொந்தம்.

ஆனால் பிரெஞ்சு எல்லா இடத்திலும் கை கொடுக்கவில்லை. அதில் புத்தகத்துக்கும் 'பெ', தண்ணீருக்கும் 'பெ'. எண்ணக்கூடியது, எண்ண முடியாதது என்ற பாகுபாடு அந்தச் சொல்லுக்குக் கிடையாது. ஆங்கிலத்தில் புத்தகத்துக்கு 'ஃபியூ', தண்ணீருக்கு 'லிட்டில்'. பிரெஞ்சை மட்டும் வைத்துக்கொண்டு ஆங்கிலம் கற்கிறவன் இங்கே திண்டாடுவான். இந்த இடத்தில் எங்களுக்கு உதவிக்கு வந்தது தமிழ். சில புத்தகங்கள், சிறிது தண்ணீர். 'சில தண்ணீர்' என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. அதுமட்டுமா, ஆள் என்றால் சிலர், பொருள் என்றால் சில என்று நம்மிடம் இன்னொரு பிரிவும் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது இல்லை. ஆக 'ஃபியூ'வையும் 'லிட்டி'லையும் பிரித்துப் பார்க்கத் தமிழ், 'எ' இருப்பதையும் இல்லாததையும் பிரித்துப் பார்க்க பிரெஞ்சு. இரண்டு பக்கச் சுவரும் எழுந்த பிறகு நடுவில் ஆங்கிலம் என்ற கூரையைப் போடுவது சுலபமாக இருந்தது.

அப்படியென்றால் பிரெஞ்சு படிக்காத தமிழனுக்கு 'எ' வராதா? தமிழில் அந்த வித்தியாசமே கிடையாதா? இப்படித்தான் சிலர் சமாதானம் சொல்கிறார்கள், "நம் மொழியில் ஆர்ட்டிகிள் இல்லை, அதனால்தான் விட்டுப்போகிறது" என்று. ஆர்ட்டிகிள் இல்லை, சரி. வித்தியாசம் இல்லை என்பதை நான் ஒப்பமாட்டேன். சமையலறைக்குப் போய்ப் பாருங்கள்.

ராத்திரி எட்டரை மணிக்கு யாரோ உறவினர் வந்துவிடுகிறார்கள். உள்ளேயிருந்து, "மாவு கொஞ்சம் இருக்கு" என்று குரல் வந்தால் வந்தவருக்கு இரண்டு தோசை நிச்சயம். "மாவு கொஞ்சம்தான் இருக்கு" என்று வந்தால் நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் மாவு பாக்கெட் வாங்கி வர வேண்டும். பாத்திரத்தில் இருக்கும் மாவு இரண்டு வாக்கியத்துக்கும் ஒன்றே. முதல் வாக்கியம் 'எ லிட்டில்', இரண்டாவது 'லிட்டில்'. 'தான்' என்ற ஒரு வாலில் எல்லாம் அடங்கிவிட்டது. நாற்பது வருஷக் குடும்பஸ்தன் யாரும் இந்த வாலைக் கவனிக்காமல் விட்டதில்லை.

இங்கேதான் அந்தப் பழைய கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. கவனியுங்கள். தமிழில் வெறுமனே 'கொஞ்சம்' என்றால், வெறுமனே 'சிலர்' என்றால், உண்டு என்ற பக்கம். சிலர் வந்தார்கள் என்றால் ஆள் வந்திருக்கிறது. குறைவு என்று சொல்லத்தான் நாம் எதையாவது ஒட்டுகிறோம்: கொஞ்சம்தான், சிலரே, மிகச் சிலர். ஆங்கிலத்தில் இது தலைகீழ். வெறுமனே 'ஃபியூ', வெறுமனே 'லிட்டில்' என்றால் இல்லாத குறை. உண்டு என்று சொல்லத்தான் அவர்கள் 'எ' ஒட்டுகிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? தமிழில் வெறும் சொல் மனத்தில் வருகிறது. ஆங்கிலத்தின் வெறும் சொல்லை அதற்கு நேராக எடுத்து வைத்துவிடுகிறோம். சொல்லுக்குச் சொல் சரி, அர்த்தம் எதிர்ப்பக்கம் போய்விட்டது.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 'எ ஃபியூ'வை அப்படியே பெயர்த்தால் 'ஒரு சில' என்று வரும். பார்க்க அச்சு அசல் அதே மாதிரி இருக்கிறது. ஆனால் நம் 'ஒரு சிலர்' எண்ணிக்கையை இன்னும் சுருக்குகிற சொல். "ஒரு சிலர் செய்கிற தப்புக்கு எல்லோரையும் திட்டாதே" என்கிறோமே, அங்கே அது விரல் விட்டு எண்ணக்கூடிய சிறு கூட்டம். ஆங்கில 'எ' ஆறுதல் சொல்கிறது, தமிழ் 'ஒரு' அப்படிச் சொல்வதில்லை. ஒப்பனை ஒன்று, குணம் வேறு.

இந்த வால்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மனம் வராது. 'கொஞ்சமாவது' என்றால் கெஞ்சலும் கோபமும் சேர்ந்தது: கொஞ்சமாவது சாப்பிடு, கொஞ்சமாவது புத்தி இருக்கா? 'கொஞ்சம்கூட' என்றால் பின்னால் 'இல்லை' வந்தே தீரும். 'கொஞ்சமா?' என்று கேள்வியாக்கினால் ஏகப்பட்டது என்று பொருள்: அந்த மனுஷன் என்னைக் கொஞ்சமா படுத்தினான்! ஆங்கிலக்காரர்கள் 'க்வைட் எ ஃபியூ' என்றால் நிறைய என்று அர்த்தம் என்பதைக் கேட்டு நம் பிள்ளைகள் ஆச்சரியப்படுகிறார்கள். நம் 'கொஞ்சநஞ்சமல்ல' அதே வித்தைதானே. சென்னைக்கு வந்த புதிதில் நான் கேட்டு மயங்கிய சொல் 'தம்மாத்தூண்டு'. அதற்கு எந்த மொழியிலும் 'எ' போட முடியாது. கையால் காட்ட வேண்டும்.

அளவே இல்லாத 'கொஞ்சம்' ஒன்றும் உண்டு. பஸ்ஸில் "கொஞ்சம் நகருங்க", கவுன்டரில் "கொஞ்சம் பேனா கொடுங்க". இது மரியாதைக்குச் சொல்வது. பிரெஞ்சிலும் இதே வழக்கம் இருக்கிறது, "வியேன் அன் பெ" என்றால் நம் "கொஞ்சம் வாயேன்" போலத்தான். ஆங்கிலத்தில் இதற்கு 'லிட்டில்' உதவாது. போஸ்ட் ஆபீஸில் ஒரு பையன் என்னிடம், "அங்கிள், லிட்டில் பென் ப்ளீஸ்" என்றான். சின்னப் பேனா வேண்டும் என்று அர்த்தம் ஆகிறது. என்னிடம் இருந்தது பெரிய பேனா, அதையே கொடுத்தேன்.

சிரித்துவிட்டுப் போகிற இடங்கள் இவை. சிரிக்க முடியாத இடமும் உண்டு.

சில வருஷங்களுக்கு முன் என் அத்தை மகனுக்குப் பக்கவாதம். நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐசியூவில் வைத்திருந்தார்கள். ஒரே மகன் கனடாவில், பதினைந்து வருஷமாக அங்கே இருப்பவன். இரவு டியூட்டி டாக்டர் நல்ல பிள்ளை. மகனுடைய நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு தினமும் ஒரு வரி அனுப்புவார். மூன்றாம் நாள் அனுப்பிய வரி: 'லிட்டில் இம்ப்ரூவ்மென்ட் டுடே.'

அதே நேரத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்த எங்களிடம் அவர் தமிழில் சொன்னது, "இன்னிக்குக் கொஞ்சம் பரவாயில்லைங்க ஐயா, வலது கையை அசைக்கிறார்." நாங்கள் போய்க் காபி குடித்துவிட்டு வந்தோம். கனடாவில் மகன் படித்தது, "இன்று முன்னேற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை." அவன் வாழ்கிற ஊரில் அந்த வரிக்கு அதுதான் பொருள். போன் போட்டான், அவன் அம்மா ஐசியூ வாசலில் போனை அணைத்து வைத்திருந்தார். அன்று ராத்திரியே டிக்கெட் எடுத்து, வழியில் ஒரு விமானம் மாறி, அழுதுகொண்டே வந்து சேர்ந்தான். அப்பா சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மகனைப் பார்த்ததும் அப்பாவுக்குச் சந்தோஷம்; அது வேறு கணக்கு. அந்த முப்பது மணி நேரம் அவன் பட்ட பாட்டை யார் எழுதுவது?

அந்த டாக்டரை நான் குறை சொல்லவில்லை. இரண்டு ராத்திரி தூங்காதவர். தமிழில் அவர் சொன்னது தராசு வைத்து நிறுத்தது போல இருந்தது. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தத் தராசு கையில் இல்லை. இதே வரி எதிர்த்திசையில் போயிருந்தால் நினைக்கவே பயமாக இருக்கிறது. நிஜமாகவே முன்னேற்றம் இல்லாத ஒருவரைப் பற்றிச் சரியான ஆங்கிலத்தில் 'லிட்டில் இம்ப்ரூவ்மென்ட்' என்று ஒருவர் எழுத, ஊரில் இருக்கிறவர்கள் "கொஞ்சம் தேறிவிட்டாராம்" என்று வீட்டில் தங்கிவிட்டால்?

இதற்கு நண்பர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "இந்திய ஆங்கிலம் என்று ஒன்று உருவாகிவிட்டது சார். இங்கே 'ஃபியூ' என்றால் சில. எல்லோருக்கும் புரிகிறது. இங்கிலாந்துக்காரன் என்ன நினைத்தால் நமக்கென்ன?" பாதி ஒப்புக்கொள்கிறேன். மொழி ஊருக்கு ஊர் மாறும். பாண்டிச்சேரி பிரெஞ்சைக் கேட்டால் பாரீஸ்காரன் மயங்கி விழுவான், அதனால் எங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. நேரில் பேசும்போது முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, புரியவில்லை என்றால் திருப்பிக் கேட்கலாம். கோப்பிலும் கடிதத்திலும் மருத்துவக் குறிப்பிலும் அந்த வசதி இல்லை. எழுதியவர் வீட்டுக்குப் போய்விடுவார், எழுத்து மட்டும் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டும். அதோடு, இந்தியாவிலேயே பாதிப் பேர் ரென் அண்ட் மார்ட்டின்படி படிக்கிறார்கள், பாதிப் பேர் பழக்கப்படி எழுதுகிறார்கள். எங்கள் சூப்பரின்டென்டென்டும் தணிக்கைக்காரரும் இருவரும் இந்தியர்தானே? ஒரே ஊரில் ஒரு சொல்லுக்கு இரண்டு எதிரெதிர் அர்த்தம் நடமாடினால் அதைத் தனி மொழி வளர்ந்ததாக நான் எப்படிக் கொண்டாடுவது?

எல்லா இலக்கண விதிக்கும் நான் இப்படிக் கொடி பிடிக்கிறவன் என்று நினைக்க வேண்டாம். 'லெஸ்', 'ஃபியூவர்' என்று இன்னொரு சண்டை இருக்கிறது. எண்ணக்கூடியதற்கு 'ஃபியூவர்' என்றுதான் சொல்ல வேண்டும், 'லெஸ்' கூடாது என்பார்கள். 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தன் புத்தகத்தில், எண்ணிக்கைக்கு 'ஃபியூவர்' நன்றாக இருக்கும் என்று தன் அபிப்பிராயமாகத்தான் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதை வேதமாக்கிவிட்டார்கள். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே ஆங்கிலேயர்கள் எண்ணிக்கைக்கும் 'லெஸ்' சொல்லி வந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் டெஸ்கோ என்ற பெரிய கடைக்காரர்கள், பத்துப் பொருளோ குறைவாகவோ வாங்குகிறவர்களுக்கான வரிசையில் 'டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' என்று பலகை வைத்திருந்தார்கள். இலக்கணக்காரர்களின் தொல்லை தாங்காமல் 2008இல் 'அப் டு டென் ஐட்டம்ஸ்' என்று மாற்றிக்கொண்டார்கள். எனக்கு அதில் பலகை எழுதுகிறவருக்கு வேலை கிடைத்ததைத் தவிர வேறு லாபம் தெரியவில்லை. பழைய பலகையைப் படித்த எவரும் தவறான வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள். தமிழில் இரண்டுக்கும் 'குறைவு' என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் சுகமாகத்தான் இருக்கிறோம். அந்த விதியை விட்டுவிடலாம். 'எ'யை விட முடியாது.

ஆசிரியர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே ஒன்று. பூந்தமல்லி, ஆவடிப் பக்கம் தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகளின் கையில் இருக்கும் வழிகாட்டி நூல்களைப் புரட்டியிருக்கிறேன். 'ஃபியூ': சில. 'எ ஃபியூ': சில. இப்படி இரண்டுக்கும் ஒரே பொருள் போட்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். குழந்தை என்ன செய்யும்? அதற்குப் பதிலாக, 'ஃபியூ' என்றால் 'சிலர்தான்', 'லிட்டில்' என்றால் 'கொஞ்சம்தான்' என்று அந்த வாலோடு சேர்த்து ஒரே சொல்லாகச் சொல்லிக் கொடுங்கள். 'எ' வந்தால் வாலை வெட்டிவிடு, அவ்வளவுதான். எதிர்மறை, உடன்பாடு என்ற பெரிய வார்த்தைகள் தேவையில்லை. மாவுப் பாத்திரம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

மூன்றாவதாக 'தி ஃபியூ', 'தி லிட்டில்' என்று ஒன்று மிச்சம் இருக்கிறது. அதற்கும் நம்மிடம் வால் உண்டு, 'உம்'. இருந்த கொஞ்சநஞ்சக் காசும் போச்சு என்கிறோமே, அதுதான் 'தி லிட்டில் மனி'. இருந்ததே குறைவு, அது அத்தனையும் என்று இரண்டு செய்தி. 1940 ஆகஸ்ட் 20ஆம் தேதி சர்ச்சில் பார்லிமென்டில் பேசும்போது, ஜெர்மன் விமானங்களை எதிர்த்து நின்ற விமானப்படை வீரர்களைப் பற்றி, இவ்வளவு பெரிய ஜனக்கூட்டம் இவ்வளவு சிறிய கூட்டத்துக்குக் கடன்பட்டதில்லை என்ற பொருளில் சொன்னார். அதிலிருந்து அந்த விமானிகளுக்கே 'தி ஃபியூ' என்று பெயர் நிலைத்துவிட்டது. அங்கே 'எ' போட்டுப் பாருங்கள், ஏதோ நாலு பையன்கள் பறந்தார்கள் என்று ஆகிவிடும்.

போன வாரம் மேல்வீட்டுப் பையனுக்கு, ஏழாம் வகுப்பு படிக்கிறான், இதை எல்லாம் மாவுப் பாத்திரத்தை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே மெட்ரோ வேலை சத்தம். இருந்தும் கவனமாகக் கேட்டான். நாலு வாக்கியம் கொடுத்தேன், நாலும் சரியாக எழுதினான். எழுந்து போகும்போது வாசலில் நின்று, "தாத்தா, அப்ப 'செவரல்'னா எத்தனை?" என்றான். "அவர்களுக்கே தெரியாதுடா, 'எ ஃபியூ'வை விடக் கொஞ்சம் கூட" என்றேன். "கொஞ்சமா, கொஞ்சம்தானா?" என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டான்.